பி.ஆர். எந்த நாட்டில் வாங்கலாம்? செட்டிநாட்டுக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வரன் பார்க்கும்போது படிப்பும் சம்பளமும் கேட்ட கையோடு "பி.ஆர். வாங்கியாச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பி.ஆர். என்றால் ஒரு வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. "வாங்கியாச்சு" என்று பதில் வந்துவிட்டால் எந்த நாடு, என்ன நிபந்தனை என்று மேற்கொண்டு யாரும் துருவுவதில்லை. சிக்கல் அங்கேதான். சிங்கப்பூர் பி.ஆர். வேறு, கனடா பி.ஆர். வேறு. துபாயில் இருப்பவர் கையில் இருப்பது பி.ஆரே அல்ல.

போதாததற்கு ஓராண்டுக்குள் மூன்று செய்திகள் வந்தன. 2024 அக்டோபரில் கனடா, 2025ஆம் ஆண்டுக்கு 500,000 பேர் என்று வைத்திருந்த இலக்கை 395,000ஆகக் குறைத்தது. 2025 மே மாதம் பிரிட்டன் அரசின் வெள்ளை அறிக்கை, 5 ஆண்டில் கிடைத்துவந்த நிரந்தரத் தங்கல் உரிமையைப் பொதுவாக 10 ஆண்டாக்கும் திட்டத்தை முன்வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா எச்-1பி வேலை விசாவுக்கான புதிய மனுக்களுக்கு 100,000 டாலர் கட்டணம் அறிவித்தது. "அப்ப எந்த நாடுதான் ஈஸி?" என்ற கேள்வி அதற்கப்புறம் இன்னும் பலமாகக் கேட்கிறது.

எந்த நாடு சுலபம் என்பது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும் விஷயம். வாங்கிய பி.ஆரைக் காப்பாற்ற எத்தனை நாள் அங்கே இருக்க வேண்டும், பெற்றோரை அழைத்துக்கொள்ள முடியுமா, ஊரில் உள்ள பங்கு என்ன ஆகும் ஆகிய மூன்றும் அத்தனை வேகமாக மாறுவதில்லை. குடும்பத்தைக் கடைசிவரை பாதிப்பவையும் இவைதான். தேர்வை இவற்றிலிருந்து தொடங்குவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். விதிகள் 2025 நிலவரப்படி தரப்பட்டுள்ளன.

எது பி.ஆர்., எது இல்லை

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் நிலை நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. வேலை விசா. முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும்.

2. நீண்டகாலத் தங்கல் விசா. துபாயின் 10 ஆண்டு கோல்டன் விசா, மலேசியாவின் 'எம்எம்2எச்' இரண்டும் இந்த வகை. முதலீடு, வைப்புத்தொகை போன்ற தகுதி இருக்கும்வரை புதுப்பிக்கலாம். எத்தனை ஆண்டு இருந்தாலும் அதுவாகப் பி.ஆர். ஆகாது.

3. பி.ஆர். எந்த வேலையும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு, மருத்துவம் போன்றவற்றில் பெருமளவு அந்நாட்டாரைப் போலவே நடத்தப்படுவார்கள். கடவுச்சீட்டு மட்டும் இந்தியாவுடையது.

4. குடியுரிமை. வாக்கு, கடவுச்சீட்டு, திருப்பி அனுப்பப்படாத பாதுகாப்பு.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இந்தியர்களுக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு 2005இல் வந்த ஓசிஐ அட்டை வாழ்நாள் விசா போன்றது, வாக்குரிமை கிடையாது. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது என்பது துருக்கியருக்குப் பெரிய செய்தி, நமக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. இந்தியக் கடவுச்சீட்டை விட மனமில்லாதவர்களுக்கு பி.ஆர்.தான் கடைசி நிறுத்தம். ஆகவே அது எவ்வளவு உறுதியானது என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். சிவகங்கை மாவட்டத்திலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைக்கு சிங்கப்பூர் போகிறவர்களில் பலர் 'ஒர்க் பர்மிட்'டில் இருக்கிறார்கள். அந்த அனுமதியில் இருந்துகொண்டு தாமாகப் பி.ஆருக்கு விண்ணப்பிக்க முடியாது. திறனும் சம்பளமும் கூடிய வேலைகளுக்குத் தரும் 'எஸ் பாஸ்' அல்லது 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' வேண்டும். "பத்து வருஷம் இருந்தா குடுத்துடுவாங்க" என்று சொல்லிப் பணம் வாங்கும் ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

சொத்து இருந்தால் இருக்க உரிமை உண்டா?

இந்த வட்டாரத்துக்குத் தெரிந்த பாடம்தான், இருந்தாலும் சுருக்கமாக. கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன செட்டியார்கள், சம்பளச் சீட்டு எழுதி, பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கில் ரங்கூன், பினாங்கு, சைகோன், மேடான் என்று போய் வந்தார்கள். குடும்பம் ஊரிலேயே இருந்தது. தொழில் அங்கே, வீடு இங்கே என்பதுதான் ஏற்பாடு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாகின. நிலம் அவ்வளவு இருந்தும் தங்கும் உரிமை அவர்களுக்குப் பிறக்கவில்லை.

இன்றும் அதேதான். டொராண்டோவில் வீடு வாங்கினால் பி.ஆர். வராது, சொல்லப்போனால் சில விலக்குகள் தவிர, பி.ஆர். இல்லாத வெளிநாட்டார் வீடு வாங்கவே 2023 ஜனவரியிலிருந்து கனடாவில் தடை விதித்தார்கள். ஓரிரு நாடுகளின் முதலீட்டுத் திட்டங்கள் விலக்கு, அவை பெரும்பணக்காரர் விவகாரம்.

நாடுகள் பி.ஆர். தரும் நான்கு வழிகள்

1. மதிப்பெண் வழி. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இதில் வரும். வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, மேலிருந்து அழைக்கிறார்கள்.

கனடாவின் கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். மொத்தம் 1,200 மதிப்பெண். கல்யாணமாகாத, 30 வயதான, முதுநிலைப் பட்டம் பெற்ற, இந்தியாவில் 3 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பொதுப் பிரிவில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் வயதுக்கு 105, படிப்புக்கு 135, மொழிக்கு 124, படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தரும் 100 என்று 464 வரும். நான்கு பகுதியிலும் அதற்கு ஒரு படி கீழே நின்றால் மொழியில் 32, சேர்க்கை மதிப்பெண்ணில் 50 போய்விடும். மிஞ்சுவது 382. அதே ஆள் 35 வயதில் விண்ணப்பித்தால் வயது மதிப்பெண் 77, 45இல் பூஜ்யம்.

சரி, 464 போதுமா? கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான அழைப்புகள் 2025இல் 500க்கு மேலேயே நின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த கூடுதல் மதிப்பெண்ணையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆக, காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பிக்கிற பொதுவான மென்பொருள் பொறியாளருக்கு இப்போதைக்குக் கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கிறது. ஒரு மாகாணமே ஆளைத் தேர்ந்தெடுத்துத் தரும் மாகாண நியமனம் கிடைத்தால் 600 மதிப்பெண் சேரும். செவிலியர், சில கைத்தொழில்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஆகியோருக்கு 2023இலிருந்து தனிச் சுற்று நடக்கிறது. நர்சிங் படித்த பெண்ணுக்கு இருக்கும் வழி கணினி படித்த அண்ணனுக்கு இல்லை என்பதை வீட்டில் பலர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சம் 65. அழைப்பு வருவதோ பெரும்பாலும் அதைவிட உயரத்தில். 25 முதல் 32 வயதுக்கு 30 மதிப்பெண், 45 ஆகிவிட்டால் இந்த வழியே கிடையாது. ஒரு சின்ன ஆதாயம் உண்டு: சமூக மொழிபெயர்ப்புத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினால் 5 மதிப்பெண். பள்ளியில் தமிழை ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கைமேல் பலன்.

2. வேலை செய்த காலத்தை வைத்துத் தருவது. பிரிட்டன், ஜெர்மனி. ஜெர்மனியில் பட்டதாரிப் பணியாளர்களுக்கான 'நீல அட்டை'யில் இருப்பவர், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுநிலை தேறினால் 21 மாதத்தில், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம். மொழி மேல் பயமில்லாதவர்களுக்கு இன்று இருப்பதில் நேரான வழி இதுவே. ஆங்கிலம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, நட்டம் அவர்களுக்கே.

3. அரசின் விருப்பப்படி தருவது. சிங்கப்பூர். மதிப்பெண் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. மறுத்தால் காரணமும் சொல்வதில்லை. நல்ல சம்பளம், குடும்பத்தோடு இருப்பது, நீண்டகாலம் இருந்தது எல்லாம் உதவும், எதுவும் உத்தரவாதம் இல்லை.

4. வரிசை. அமெரிக்கா. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு சுமார் 140,000 கிரீன் கார்டு, அதாவது அந்நாட்டு பி.ஆர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. மற்றவர்கள் பயன்படுத்தாமல் விட்டது இருந்தால் மட்டும் கூடக் கிடைக்கும். இந்தியர்களின் இரண்டாம், மூன்றாம் பிரிவு வரிசையில் 2025இல் நகர்ந்துகொண்டிருந்தது 2013இல் பதிந்தவர்களின் முறை. இன்று பதிகிறவருக்கு எப்போது வரும் என்று கணக்குப் போடுவதே வீண். இடையில் பிள்ளைக்கு 21 வயது ஆனால், வயதைக் கணக்கிடும் சில சலுகைகள் போக, பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிட நேரும்.

இந்த வரிசையில் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, பிறந்த நாடு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டுக் கணக்கில் விண்ணப்பிக்கலாம். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பிறந்து தேவகோட்டையில் வளர்ந்த பெண்ணை மணந்தவருக்கு இந்திய வரிசையில் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். மனைவியின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வைப்பது வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம் உதவும்.

ஊரில் ஆறு மாதம் இருந்தால் என்ன ஆகும்?

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளத்தூரில் ஓராண்டு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாட்டுக்கு நாடு விளைவு வேறு.

கனடாவில் 5 ஆண்டில் 730 நாள் அங்கே இருந்திருந்தால் போதும். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று ஆண்டு வெளியே இருந்தும் பி.ஆரைக் காப்பாற்ற முடியும் என்பதால், பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது தாராளமான விதி.

நியூசிலாந்து இதைவிடத் தாராளம். இரண்டு ஆண்டு குடியிருப்பு விசாவில் இருந்து நிபந்தனைகளை நிறைவேற்றினால், காலவரம்பே இல்லாத நிரந்தர விசா. ஆஸ்திரேலியாவில் பி.ஆருக்கு முடிவு கிடையாது, அதனுடன் வரும் பயண அனுமதிக்கு 5 ஆண்டு. அது முடிந்தபின் வெளியே போய்த் திரும்ப வேண்டுமானால் திரும்பும் விசா எடுக்க வேண்டும், அதற்கு அங்கே வாழ்ந்த காலம் பார்க்கப்படும். பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியே இருந்தால் உரிமை காலாவதி.

ஜெர்மனி கறார். சாதாரண நிரந்தர அனுமதி 6 மாதம் தொடர்ந்து வெளியே இருந்தாலே போய்விடும்; நீல அட்டை வழியாக வந்தவர்களுக்கு 12 மாதம். அமெரிக்க கிரீன் கார்டும் வசதியானது அல்ல: முன்அனுமதி வாங்காமல் ஓராண்டு வெளியே இருந்தால் அந்த அட்டையைக் காட்டி உள்ளே போக முடியாது, ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி வரும்.

சிங்கப்பூரில் நாள் கணக்கு இல்லை, மறுநுழைவு அனுமதி இருக்கிறது. பெரும்பாலும் 5 ஆண்டுக்குத் தருகிறார்கள். அது செல்லாத நிலையில் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் பி.ஆரை இழக்க நேரிடும். புதுப்பிக்கும்போது அங்கே வேலை, வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்விடலாம். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, சனிக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், திங்கட்கிழமை வேலையில் உட்காரலாம். மெல்போர்னிலிருந்து அது நடக்காது. தூரமும் ஒரு நிபந்தனைதான், எந்த அரசாணையிலும் அது எழுதப்படுவதில்லை.

பெற்றோரை அழைத்துக்கொள்ள முடியுமா?

இதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்கள்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்கு மனுப்போட முடியாது. குடியுரிமை வாங்க வேண்டும். பிரிட்டனில் முதிய பெற்றோருக்கான விசா என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. தினசரி கவனிப்பு தேவை, அது இந்தியாவில் பணம் கொடுத்தும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். காரைக்குடியில் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிகிறவரை அதை நிரூபிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஆஸ்திரேலியாவில் 'குடும்பச் சமநிலை' என்று ஒரு சோதனை. பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். மூத்தவர் சிட்னியில், அடுத்தவர் சிங்கப்பூரில், கடைக்குட்டி சென்னையில் என்றால் சோதனையில் தோல்வி. தேறினாலும் பெருந்தொகை கட்டும் பிரிவில் பத்தாண்டுக்கு மேல், கட்டாத பிரிவில் 30 ஆண்டு அளவில் காத்திருப்பு. 65 வயது ஆச்சிக்கு அதற்குப் பொருள் இல்லை.

கனடாவில் பெற்றோர் பி.ஆர். திட்டத்துக்குக் குலுக்கலில் அதிர்ஷ்டம் வேண்டும். ஆனால் 'சூப்பர் விசா' பயனுள்ளது: 10 ஆண்டு செல்லும், ஒருமுறை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். 100,000 கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், பிள்ளையின் வருமானமும் பார்க்கப்படும். ஜெர்மனி, 2024 மார்ச் 1 முதல் புதிதாக அனுமதி பெறும் திறன்மிகு பணியாளர்கள் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் அழைக்க வழி திறந்தது. முட்டுக்கட்டை, வயதானவர்களுக்கு அங்கே மருத்துவக் காப்பீடு கிடைப்பதில்.

சிங்கப்பூர் பி.ஆருக்கு எதிர்த்திசையில் ஒரு பொறுப்பு: பெற்றோரோடு சேர்ந்து பி.ஆர். ஆகும் ஆண்பிள்ளை இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்ய வேண்டும். செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால் பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ போடும் விண்ணப்பம் பாதிக்கப்படும். மகன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

வீட்டுப் பங்கும் வரியும்

பி.ஆர். வாங்குவதால் பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் உள்ள பங்கு போகாது. குடியுரிமை மாறி ஓசிஐ ஆனாலும் வாரிசாக வரும் வீடும் வயலும் வரும். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும் சரி, ஓசிஐக்காரரும் சரி, விவசாய நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்க முடியாது, அவ்வளவுதான்.

தொல்லை வரியில் வரும். அமெரிக்கா கிரீன் கார்டுக்காரரின் உலக வருமானம் முழுவதையும் கேட்கும், அவர் கானாடுகாத்தானில் வந்து உட்கார்ந்திருந்தாலும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அப்பச்சி (அப்பா) பெயரோடு சேர்த்து 'ஜாயிண்ட்' போட்ட வைப்புத்தொகையும் அதில் சேரும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அங்கே வசிக்கும்வரை உலக வருமானத்துக்கு வரி கேட்கும்; கனடாவில் 100,000 கனடா டாலருக்கு மேல் விலைகொடுத்த வெளிநாட்டுச் சொத்தைப் படிவத்தில் காட்ட வேண்டும். சொந்த உபயோக வீடு அதில் வராது. படப்பிடிப்புக்கோ ஓட்டலுக்கோ வாடகைக்கு விட்ட வீடு வரும். சிங்கப்பூர், தனிநபரின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக வரி போடுவதில்லை.

பங்காளிகள் இருபது பேர் கையெழுத்திட வேண்டிய பாகப்பத்திரம் என்றால் வெளிநாட்டில் இருப்பவர் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மேசை டிராயரில் ஆறு மாதம் கிடந்த பவரால் பத்திரப்பதிவு நின்றுபோகும்.

எந்த நாடானாலும் இப்போதே செய்யக்கூடியவை

1. பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லை என்று பொருள்படும் 'எஃப்என்யூ' விழும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது தொடரும். இனிஷியலை விரித்து, பட்டச் சான்றிதழோடு பொருந்தும்படி முதலிலேயே மதுரைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் திருத்திக்கொள்வது நல்லது.

2. பிறப்புச் சான்றிதழ். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் சேர்த்து, ஆங்கிலப் பிரதியும் வாங்கி வைக்க வேண்டும்.

3. திருமணப் பதிவு. கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைகுடிமானம் நம் வழக்கில் எவ்வளவு பெரிய ஆவணமானாலும் குடிவரவு அலுவலகத்தில் அது செல்லாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. முன்னோரை வழிபடும் படைப்பு வீட்டிலேயே கல்யாணம் நடந்திருந்தாலும் அழைப்பிதழ், வயதுச் சான்று, சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். மணமக்களில் ஒருவர் பத்து நாள் லீவில் வந்திருப்பார் என்றால் மறுவீடு, விருந்து எல்லாவற்றுக்கும் முன் அந்த ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவிட வேண்டும். அவர் விமானம் ஏறிவிட்டால், பதிவுக்காகவே இன்னொரு முறை லீவு போட்டு வர நேரிடும்.